லிஃப்ட் மேடத்துக்கு வந்த இன்டர்வியூ

விமானப் பொறியியல் துறை நாலாவது மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஆனால் லிஃப்ட் மேடம் உண்டு.

இத்தனை கனமான இரும்புக் குவியலை இறக்கை எப்படி அந்தரத்தில் தூக்கிப் பிடிக்கிறது, அந்தத் தூக்கும் விசை எங்கிருந்து வருகிறது என்பதுதான் மேடத்தின் பாடம், மூச்சு, சொத்து எல்லாமே. மாணவர்கள் என்ன சந்தேகம் கேட்டாலும், "முதல்ல லிஃப்ட்னா என்னன்னு பார்ப்போம்" என்றுதான் ஆரம்பிப்பார். பெயர் தானாக ஒட்டிக்கொண்டது. ஒருமுறை, முதலாம் ஆண்டுப் பையன் ஒருவனின் அப்பா மூச்சு வாங்க மாடியேறி வந்து, "நீங்கதானே லிஃப்ட் மேடம்? எப்பங்க சரி பண்ணப் போறீங்க?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். மேடம் கோபப்படவில்லை. உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, லிஃப்ட் என்றால் என்னவென்று பொறுமையாக விளக்கினார். அந்த மனிதர் படியிறங்கியபோது, ஏறி வந்ததைவிட அதிகமாக மூச்சு வாங்கியது.

இப்படிச் சௌக்கியமாக ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் கல் விழுந்தது. வருஷா வருஷம் வந்து, இறுதியாண்டு மாணவர்களைக் கொத்தாக அள்ளிக்கொண்டு போகும் பெரிய விமானப் பராமரிப்பு நிறுவனம் அந்த வருஷம் வரவில்லை. அடுத்த வருஷமும் வரமாட்டோம் என்று மட்டும் மரியாதையாகச் சொல்லி அனுப்பியது. புதிதாகப் பொறுப்பேற்றிருந்த முதல்வர் மேடத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மேடம், தொழில் மாறிப் போச்சு. இப்ப எல்லாம் ட்ரோன், பேட்டரி, சாஃப்ட்வேர். பசங்களை அதுக்குத் தயார் பண்ணணும். நீங்கதான் பொறுப்பு."

"சார், எனக்கு இறக்கைதான் தெரியும். ட்ரோனுக்கு இறக்கையே கிடையாது."

"காத்து அடிக்கிற திசை மாறிடுச்சு மேடம். காத்தைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா?"

காற்றைச் சொல்லி மடக்கியதில் மேடம் விழுந்துவிட்டார். வெளியே வந்த பிறகுதான் முதல்வர் வேலையைத் தன் தலையில் கட்டிவிட்டார் என்பதே உறைத்தது.

ஆனால் ஒரு வேலையை எடுத்தால் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை அவர். முதல் காரியமாக மாதிரி இன்டர்வியூக்களை ஆரம்பித்தார். கேள்வி கேட்க வெளியாள் வேண்டுமே? வீட்டிலேயே ஒருவர் இருந்தார். மேடத்தின் கணவர் பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மாதான் இருந்தார். டை கட்டி, மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்ததும் மனிதருக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போனது.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்பார் கம்பீரமாக. பையன் வாயைத் திறந்து இரண்டு வாக்கியம் சொல்வதற்குள், டாக்டர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார். "இன்னும் கொஞ்சம் பெரிசா திறங்க."

"என்னங்க, இது இன்டர்வியூ" என்பார் மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீ இப்படிக் கடிக்காதே, தேய்ஞ்சிடும்" என்பார் அவர்.

அந்தப் பருவம் முடிவதற்குள் வகுப்பில் பாதிப் பேருக்கு இன்டர்வியூ பயம் போனதோ இல்லையோ, கடைவாய்ச் சொத்தை போயிருந்தது.

இரண்டாவது காரியம்தான் கஷ்டமாக இருந்தது. ட்ரோனைப் பறக்க வைக்கும் நிரல் எழுத மாணவர்களுக்குக் கற்றுக் கொடுக்க வேண்டும். மேடத்துக்கே தெரியாது. பக்கத்துத் துறையிலிருந்து ஓர் இளம் ஆசிரியரை வரவழைத்து வகுப்பு வைத்துவிட்டு, தானும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு இடப்பக்கம் 'வக்கீல்'. கேள்வித்தாளில் கேள்வி சரியில்லை என்றால் பதிலுக்குப் பதிலாக வாதம் எழுதி வைக்கிற பெண் அவள். வலப்பக்கம் 'டியூப்லைட்'. எதைக் கேட்டாலும் நாலைந்து முறை மினுக்கிவிட்டுத்தான் எரிவான், எரிந்துவிட்டால் அணையமாட்டான்.

மேடம் எழுதிய முதல் நிரலில், கணினித் திரையிலிருந்த ட்ரோன் அழகாகக் கிளம்பி, நின்று, திரும்பி, நேராகப் பூமிக்குள் போய்விட்டது. தரையில் மோதி நொறுங்கக்கூட இல்லை. உள்ளேயே போய்க்கொண்டிருந்தது.

"மேடம், ஒரு கழித்தல் குறி விட்டுட்டீங்க" என்றாள் வக்கீல்.

"அதுக்காகப் பாதாளத்துக்கா போகணும்?"

டியூப்லைட் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். வகுப்பு முடிந்து எல்லோரும் படியிறங்கிக்கொண்டிருந்தபோது ஓடி வந்து, "மேடம், கழித்தல் குறி மட்டுமில்ல, தரை எங்க இருக்குன்னே நீங்க அதுக்குச் சொல்லல" என்றான்.

மேடம் அன்று வீட்டுக்குப் போயும் அதே நினைவாக இருந்தார். எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். ஒருநாள் திரையில் அந்த ட்ரோன் பூப்போல இறங்கி நின்றபோது, சமையலறையிலிருந்த டாக்டரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினார். அவர் கையில் கரண்டியோடு பார்த்துவிட்டு, "நல்லா இருக்கே, இது முன்னாடியெல்லாம் இறங்காதா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இதற்கிடையே ஒரு புதிய நிறுவனம் கல்லூரிக்கு வர ஒத்துக்கொண்டது. ட்ரோனில் மருந்துப் பொட்டலங்களைக் கொண்டுபோய் வீடுகளுக்குச் சேர்க்கிற நிறுவனம். முதலில் ஆன்லைன் தேர்வு, தேறியவர்களுக்கு நேரில் இன்டர்வியூ. தேர்வில் என்ன கேட்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருமுறை பார்த்துவிட்டால் அடுத்த வருஷப் பிள்ளைகளுக்காவது உதவும் என்று மேடத்துக்குத் தோன்றியது. தன் பெயரையும் பதிந்துகொண்டார். படிப்பு முடிக்கும் வருஷம் கேட்ட இடத்தில் இந்த வருஷம் ஒன்றுதான் இருந்தது. அதை அமுக்கினார். கொஞ்சம் உறுத்தியது. கேள்விகளைப் பார்த்துவிட்டு மூடிவிடப் போகிறோம், யாருக்கு என்ன நஷ்டம் என்று சமாதானம் செய்துகொண்டார்.

பார்க்கத்தான் உட்கார்ந்தார். முதல் கேள்வி சுலபமாக இருந்தது, போட்டுவிட்டார். இரண்டாவது கொஞ்சம் இடக்கு, விடுவதற்கு மனசில்லை. அதற்குப் பிறகு பக்கத்தில் இடி விழுந்திருந்தாலும் தெரிந்திருக்காது. நேரம் முடிந்து திரை தானாக மூடிக்கொண்டபோதுதான், ஒரு கேள்வியைக்கூடக் குறித்து வைக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

சில நாள் கழித்து முதல்வர் படியேறி வந்தார். அவர் நாலாவது மாடிக்கு வந்து யாரும் பார்த்ததில்லை. கையில் செல்போன், முகமெல்லாம் பல்.

"மூணு பேர்! நம்ம துறையிலேருந்து மூணு பேர் தேறியிருக்காங்க!"

வக்கீலின் பெயரை வாசித்தார். கைதட்டல். டியூப்லைட்டின் பெயரை வாசித்தார். கைதட்டல். அவன் மட்டும் சிறிது தாமதமாகத் தனக்குத்தானே கை தட்டினான். முதல்வர் மூன்றாவது பெயரை வாசித்தார். மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாரும்மா இந்தப் பொண்ணு? எழுந்திரு. முதல் மார்க்கே நீதான்" என்றார் முதல்வர்.

யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க வேண்டியவர் ஏற்கெனவே கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், கையில் சாக்பீஸோடு.

"சார்" என்றார் மேடம், தொண்டையைச் செருமிக்கொண்டு. "அது நான்தான்."

"நீங்க லிஃப்ட் மேடம் இல்லையா?" என்றார் முதல்வர்.

வகுப்பு அப்போது போட்ட சத்தத்தில் கீழ்மாடியிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். மேடத்தின் முகத்தில் அசடு வழிந்தது. முதல்வர் அவரை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். திட்டப் போகிறார் என்று மேடம் காத்திருந்தார். அவர் கவலை வேறாக இருந்தது.

"மேடம், நான் மூணுன்னு நிர்வாகத்துக்குச் சொல்லிட்டேன். இனிமே ரெண்டுன்னு எப்படிச் சொல்றது?"

"நானே அந்தக் கம்பெனிக்கு நேரா போய் உண்மையைச் சொல்லிடறேன் சார்."

"போங்க. ஆனா உடனே சொல்லிடாதீங்க. இன்டர்வியூவை முடிச்சிட்டு, கௌரவமா ஃபெயில் ஆகிட்டு வாங்க. மூணு பேர் கூப்பிடப்பட்டாங்கன்னு இருக்கட்டும்."

"ஃபெயில் ஆகணுமா?" என்றார் மேடம். அந்த வார்த்தை பிடிக்கவில்லை.

இன்டர்வியூ அன்று மூவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். நிறுவனம் இருந்தது ஒரு பழைய கிடங்கில். பாதி இடம் அலுவலகம். மீதிப் பாதியில் கூரையிலிருந்து தரைவரை மீன்வலைபோல வலை தொங்கியது. வலைக்குள்ளே ஒரு ட்ரோன் குளவி மாதிரி ரீங்கரித்துக்கொண்டு சுற்றியது. காத்திருந்த பிள்ளைகளுக்கு நடுவே மேடம் உட்கார்ந்தபோது, வேறு கல்லூரிப் பையன் ஒருவன் எழுந்து, "ஆன்ட்டி, பேரன்ட்ஸ் உட்கார்ற இடம் அந்தப் பக்கம்" என்று அன்போடு வழி காட்டினான்.

"அவங்க முதல் மார்க்" என்றாள் வக்கீல். பையன் உட்கார்ந்துவிட்டான்.

மேடத்தின் முறை வந்தது. உள்ளே இரண்டு பேர். ஒருவர் டை கட்டிய நிர்வாக அதிகாரி. இன்னொருத்தி சோதனைக் குழுவின் தலைவி. மேடத்துக்கு மகள் வயசுதான் இருக்கும். தலைமுடியை ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையால் கட்டியிருந்தாள். முதல்வர் சொன்னதை மேடம் அந்த வாசலிலேயே விட்டுவிட்டார். உட்காருவதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்: கல்லூரி, தேர்வு, அமுக்கிய வருஷம், மன்னிப்பு.

அதிகாரி வாயைப் பிளந்தார். தலைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வந்தது வந்துட்டீங்க. இன்டர்வியூவை முடிச்சிட்டே போங்களேன்" என்றாள்.

அதிகாரி கடமை தவறாதவர். "உங்க பலவீனம் என்ன?" என்று ஆரம்பித்தார்.

மேடம் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது தயாராக நாக்கிலிருந்தது. "எந்த வேலையையும் ரொம்பக் கச்சிதமா செய்யணும்னு..."

"நினைக்கறதுதான் என் பலவீனம்" என்று அதிகாரியே முடித்தார். "உங்க காலேஜ்லேருந்து முன்னாடி வந்த ரெண்டு பேரும் இதையேதான் சொன்னாங்க. இது என்ன, தொத்து வியாதியா?"

மேடம் முழித்த முழியைப் பார்த்துத் தலைவி பேச்சை மாற்றினாள். சுவரில் ஒரு வீடியோ ஓடியது. பொட்டலத்தைச் சுமந்த ட்ரோன் ஒரு வீட்டு முற்றத்துக்கு மேலே வந்து நின்றது. நேர்க்கோட்டில் கீழே இறங்கியது. பாதி வழியில் உடம்பெல்லாம் உதறியது. பிறகு தொப்பென்று விழுந்தது.

"போன வருஷம் நடந்தது. மோட்டார்ல கோளாறு இல்ல, பேட்டரியும் ஃபுல். என்ன சொல்றீங்க?"

மேடத்துக்குக் காதுவரை புன்னகை மலர்ந்தது. "முதல்ல லிஃப்ட்னா என்னன்னு பார்ப்போம்" என்று எழுந்தார்.

விசிறிகள் காற்றைக் கீழே தள்ளுவதையும், அந்தத் தள்ளலில்தான் ட்ரோன் நிற்பதையும், வேகமாக நேரே இறங்கும்போது தான் கலக்கிவிட்ட காற்றுக்குள் தானே இறங்கிவிடுவதையும், அந்தக் கலங்கிய காற்று வளையமாகச் சுழன்று விசிறியின் பிடியைக் கழற்றிவிடுவதையும் பலகை நிறைய எழுதினார். சமன்பாடு சமன்பாடாக இறக்கினார். பலகை போதாமல் ஓரத்தில் குட்டி எழுத்தில் எழுதினார். தலைவி இமைக்காமல் பார்த்தாள். அதிகாரி காபியை மறந்துவிட்டார்.

"எனக்கு யாரும் இதை இவ்வளவு தெளிவா சொன்னதில்ல மேடம்" என்றாள் தலைவி கடைசியில். எழுந்து நின்று கைகுலுக்கினாள்.

பஸ்ஸில் திரும்பும்போது மேடம் ஜன்னலோரம் உட்கார்ந்து, வேலையை எப்படி நாசூக்காக மறுப்பது என்று யோசித்தார். அவர்கள் மனம் நோகக் கூடாது. விரும்பினால் ஆலோசகராக இருக்கலாம் என்று சொல்லிப் பார்க்கலாம்.

ஈமெயில் அந்த வாரமே வந்தது. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, இந்த முறை தங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை, தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்.

மேடம் அதை மூன்று தடவை படித்தார். சாப்பாடு இறங்கவில்லை.

"உனக்குத்தான் வேலை இருக்கே" என்றார் டாக்டர்.

"அது வேற."

"நீ போனதே வேலை வேண்டாம்னு சொல்லத்தானே?"

"ஆமா. வேண்டாம்னு நான் சொல்லணும். அவங்க எப்படிச் சொல்லலாம்?"

டாக்டர் தயிர்ச் சாதத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். எத்தனை பிள்ளைகளிடம், "போனா போகுது, அடுத்ததைப் பாரு" என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பியிருக்கிறோம் என்று மேடம் நினைத்துப் பார்த்தார். அந்தப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போய் இப்படித்தான் தட்டை வெறித்திருப்பார்களா?

நிராகரித்த நிறுவனத்துக்கு ஒருபோதும் போன் செய்யாதீர்கள் என்பது மாணவர்களுக்கு அவர் விதித்த சட்டம். மறுநாளே போன் செய்தார்.

"மேடம், காரணத்தைக் கேட்டா வருத்தப்பட மாட்டீங்களே?" என்றாள் தலைவி. "ட்ரோன் ஏன் விழுந்துச்சுன்னு நீங்க சொன்ன மாதிரி யாராலயும் சொல்ல முடியாது. ஆனா மறுநாள் காலையில அதே முற்றத்துக்கு மறுபடியும் மருந்து போகணும். அதுக்கு என்ன பண்றதுன்னு நீங்க கடைசிவரைக்கும் சொல்லவே இல்ல."

மேடம் ஒரு தாளை இழுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

"உங்க ஸ்டூடன்ட் ஒருத்தர் வந்தார். வீடியோவைப் பார்த்துட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல. எங்க ஆள் பயந்துபோய்த் தண்ணி குடுத்தார். தண்ணியைக் குடிச்சிட்டு, நேரா இறங்காம சாய்வா, மெதுவா இறங்கச் சொல்லணும், அதுவரைக்கும் கீழ யாரையும் நிக்க விடக் கூடாதுன்னார். அவ்வளவுதான் பேசினார். அவரை எடுத்துட்டோம்."

"டியூப்லைட்டா?" என்று மேடம் கத்திவிட்டார்.

"அவர் பேர் அதுவா?"

மேடத்துக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். சிறிது நேரம் இரண்டும் மல்லுக்கட்டின. நிரல் வகுப்பில் தன் ட்ரோனுக்குத் தரையைக் காட்டிக் கொடுத்தவன் அவன்தானே என்று நினைத்ததும் சந்தோஷத்தின் கை ஓங்கிவிட்டது.

வக்கீலுக்கும் அங்கே கிடைக்கவில்லை. அடுத்தவர் வீட்டுக்கு மேலே பறக்க உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டு, இன்டர்வியூ செய்தவர்களையே இன்டர்வியூ செய்துவிட்டு வந்திருந்தாள். மேடம் இந்த முறை அடுத்ததைப் பார் என்று சொல்லவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காபி வாங்கிக் கொடுத்து, அவள் அந்த நிறுவனத்தை ஆசை தீரத் திட்டும்வரை உட்கார்ந்திருந்தார். இடையிடையே தானும் கொஞ்சம் சேர்ந்து திட்டினார். பிறகு இருவருமாக யோசித்தார்கள். ட்ரோன்களுக்குப் பறக்கும் அனுமதி வாங்கித் தருகிற ஒரு சின்ன நிறுவனம் ஆள் தேடிக்கொண்டிருந்தது. அங்கே வாதாடுவதற்குத்தான் சம்பளமே. போன வேகத்தில் எடுத்துக்கொண்டார்கள்.

முதல்வருக்கு இரண்டு பேருக்கு வேலை என்பதே போதுமானதாக இருந்தது. மூன்றாவது ஆள் பற்றி நிர்வாகம் கேட்டபோது, சொந்தக் காரணங்களால் சேரவில்லை என்று சொல்லிவிட்டார்.

மேடம் பாடத்தை மாற்றினார். பலகை நிறைய எழுதிய பிறகு சாக்பீஸை வைத்துவிட்டு, "சரி, இது ஏன்னு தெரிஞ்சுடுச்சு. நாளைக்குக் காலையில என்ன பண்ணுவீங்க?" என்று கேட்க ஆரம்பித்தார். முதல் நாள் யாருக்கும் பதில் தெரியவில்லை. மேடத்துக்கும்தான். அதை மறைக்காமல் சொன்னதும், வகுப்பு இருந்த இடத்திலிருந்து கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தது.

கோடை விடுமுறையில் மேடம் அந்தக் கிடங்குக்கே மறுபடி போனார். சம்பளம் வேண்டாம், வேலை பழக வருகிறேன் என்று தலைவியிடம் கேட்டிருந்தார். அவளும் சரி என்றிருந்தாள். வாசலில் டியூப்லைட் காத்திருந்தான். அவன் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஆனாலும் அவன் சீனியர்.

"மேடம்..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். மினுக்கினான். மேடம் காத்திருந்தார்.

"புதுசா வர்றவங்க முதல்ல வலைக்குள்ள தரையைப் பெருக்கணும் மேடம். சின்ன ஸ்க்ரூ கிடந்தாக்கூட விசிறிக் காத்துல எகிறி வந்து அடிச்சிடும். நான் வேணா பெருக்கிடட்டுமா?"

"துடைப்பத்தைக் குடு" என்றார் மேடம்.

சாயங்காலம் டாக்டர் போன் செய்தார். "முதல் நாள் என்ன பண்ணினே?"

"பெருக்கினேன்."

"என்னது?"

"ஹால் முழுக்க. குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சு. மூணு ஸ்க்ரூ, ஒரு வாஷர் எடுத்தேன்" என்றார் மேடம். பிறகு குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் யாரும் கேட்கவில்லையே என்று பார்த்துக்கொண்டு சொன்னார்: "அந்தத் தலைவிப் பொண்ணு வந்து பார்த்துட்டு, நல்லா பெருக்கியிருக்கீங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க."